கூட இருந்தாலும் தப்புதான்

மகளிர் சங்கங்களைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் ‘நம்பிக்கை’ என்ற சொல்லை விடவே மாட்டார்கள். ஒருத்தி மேல் ஒருத்தி வைத்த நம்பிக்கையில் வளர்ந்த இயக்கம் என்பார்கள். நானும் அந்த மேடைகளில் சால்வை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கையும் தட்டியிருக்கிறேன். எங்கள் ஊர்ச் சங்கத்தை முதல் நாளிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் இப்போது சொல்கிறேன்: எங்களை வளர்த்தது சந்தேகம். ஐம்பது காசுக்கு ராத்திரி பத்து மணி வரை சண்டை போடுகிற சந்தேகம்.

பென்னாகரம் வட்டத்தில் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே எங்கள் ஊர். மழை பெய்தால் கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை. பொய்த்தால் பெங்களூருக்குச் சித்தாள் வேலை. ஊரைச் சுற்றியும் ரோட்டோரத்திலும் புளியமரங்கள் உண்டு. மாசி, பங்குனி வந்தால் வீட்டுக்கு வீடு புளி தட்டுகிற சத்தம் கேட்கும். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுத்துக் கொடுத்தால் எடைக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நுனியெல்லாம் புளிப்பு ஏறி எரியும், ராத்திரி களி கிண்டிச் சாப்பிட உட்கார்ந்தால் சுடுகளியில் கை வைக்க முடியாது. மரம் வைத்திருந்தவர்களுக்கும் பெரிய மிச்சம் ஒன்றும் கிடையாது. பூ விடும்போதே வியாபாரி முன்பணம் கொடுத்து மரத்தைப் பேசி முடித்திருப்பார்.

நான் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பத்தாம் வகுப்பு தேறியிருந்ததால் தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். மனு எழுதுவதும் நான்தான். பிறகு எல்லாம் அதிலிருந்தே வந்தது.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் தொடங்கியது. 1989-ல் ஐ.நா. சபையின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் உதவி செய்ய, அந்த நிறுவனம் பெண்கள் குழுக்களை முதலில் கட்ட எடுத்துக்கொண்டது தர்மபுரி மாவட்டத்தைத்தான். அப்போது கிருஷ்ணகிரியும் எங்களோடு ஒரே மாவட்டம். அடுத்த சில ஆண்டுகளில் சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று திட்டம் விரிந்தது. இந்த வரலாறெல்லாம் எனக்குப் பின்னால் பயிற்சி வகுப்புகளில் தெரிந்தது. ஊருக்குள் அது வந்த விதம் மிகச் சாதாரணம். ஒரு தொண்டு நிறுவனத்து அக்கா ஜோல்னாப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, வெயிலில் நடந்து வந்து, பால்வாடித் திண்ணையில் உட்கார்ந்தார்.

பெண்கள் கூடிவிட்டோம். எல்லார் மனதிலும் ஒரே எண்ணம்தான்: லோன். அந்தக் காலத்தில் அரசாங்கம் என்றால் மானியத்தில் மாடு. நாலு பேருக்கு மாடு வந்திருந்தது. அதில் ஒன்று செத்தது, ஒன்று பாலே கறக்கவில்லை, மீதி இரண்டு சந்தைக்குப் போய்விட்டன. பேங்க் நோட்டீஸ் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இருந்தாலும் இன்னொரு மாடு கிடைக்குமா என்று கேட்காமல் இருக்க முடியுமா?

“நாங்க எதுவும் தரப் போறதில்ல. நீங்கதான் சேர்த்துப் போடணும். வாரம் ரெண்டு ரூபா” என்றார் அந்த அக்கா.

பாதிப் பேர் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். என் மாமியார் வாய்விட்டே சிரித்தார். “நம்ம காசை நாமளே போட்டுக்கறதுக்கு இவங்க எதுக்கு பஸ் ஏறி வரணும்?” நியாயமான கேள்விதான். களையெடுப்புக் கூலி பத்து ரூபாயைத் தொடாத காலம் அது. கடைசியில் பதினைந்து பேர் சேர்ந்தோம். அதில் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே ஏலச்சீட்டில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள். சீட்டுப் பிடித்தவர் ஒரு நாள் விடியற்காலையில் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தார். அதனால் எங்கள் குழு தொடங்கும்போதே யாரும் யாரையும் நம்பத் தயாராக இல்லை.

பணத்தை யார் வீட்டில் வைப்பது என்று முதல் மாதம் முழுக்கப் பேச்சு. கடைசியில் சந்தையில் ஒரு தகரப் பெட்டி வாங்கி, கொல்லரிடம் கொடுத்து மூன்று பூட்டுக்கு வளையம் வைத்தோம். பெட்டி ஒரு வீட்டில், மூன்று சாவியும் மூன்று தெருவில். மூன்று பேரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். ஒருத்திக்கு அம்மை போட்டிருந்த வாரம் பெட்டி திறக்கவே இல்லை. சாவியைக் கொடுத்தனுப்பு என்று கேட்டதற்கு அவள், “நான் வந்து தொறக்கறதுக்குத்தானே சாவி குடுத்தீங்க? சாவி மட்டும் வந்தா அது எப்படி?” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மற்ற குழுக்களிலும் இந்த மூன்று சாவி ஏற்பாடு இருந்ததைப் பிற்பாடு பார்த்தேன். எங்கள் ஊரில்தான் அதை இவ்வளவு கறாராகக் கடைப்பிடித்தார்கள் என்று எனக்கு ஒரு பெருமை.

குழுவில் ஒரு கிழவி இருந்தார். ஊரே ஆயா என்றுதான் கூப்பிடும். எழுதப் படிக்கத் தெரியாது. நான் நோட்டில் வரவு எழுதுவதை எட்டிப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். வீட்டுக்குப் போய் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கரியால் ஒரு கோடு இழுப்பார். வாரத்துக்கு ஒரு கோடு, பால் கணக்குப் போடுவார்களே அப்படி.

இருபது கோடு ஆன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தெருவிளக்கின் கீழ் பெட்டியைத் திறந்து எண்ணினோம். ஆயா எழுந்து நின்றார். ஆளுக்கு நாற்பது, பதினைந்து பேருக்கு அறுநூறு. வெளியே கடன் நானூறு. பெட்டியில் இருக்க வேண்டியது இருநூறு. “எவ்வளவு இருக்குது பாப்பா?” என்று என்னைக் கேட்டார்.

“223 ரூபா 50 காசு ஆயா.”

“அந்த இருபத்தி மூணரை எங்கேர்ந்து வந்துச்சு?”

எல்லாரும் சிரித்தார்கள். குறைந்தால்தானே கேட்கணும், கூட இருந்தால் என்ன என்றாள் ஒருத்தி. ஆயா உட்காரவில்லை. “கம்மியா இருந்தா எவளோ எடுத்துட்டான்னு தெரியும். கூட இருந்தா என்னான்னு தெரியும்? கூட இருந்தாலும் தப்புதான்.”

நான் நோட்டைப் புரட்டி வாசித்தேன். கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டி 20 ரூபாய். கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததற்கு ஐம்பது காசு வீதம் ஏழு அபராதம், 3 ரூபாய் 50 காசு. கணக்குச் சரி. ஆனால் ஆயாவின் அடுத்த கேள்விக்கு நோட்டில் பதில் இல்லை. “அப்போ அது யாருது?”

வட்டி கட்டியவர்கள் எங்களுடையது என்றார்கள். கஷ்டப்பட்டுக் கடன் வாங்கி, கஷ்டப்பட்டு வட்டி கட்டியவளுக்கே அது திரும்ப வரவேண்டும் என்று ஒரு கட்சி. கடன் கொடுக்கப் பணம் போட்டவர்கள் நாங்கள், லாபமும் எங்களுக்கு என்று இன்னொரு கட்சி. அபராதத்தை அந்தந்த ஆளுக்கே கொடுத்துவிட்டால் அப்புறம் அது என்ன அபராதம் என்று மூன்றாவதாக ஒரு குரல். ஆண்கள் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். பிள்ளைகள் மடியில் தூங்கிப் போனார்கள். கடைசியில், அது யாருக்கும் தனியாகக் கிடையாது, எல்லாருக்கும் சேர்ந்தது, அதையும் கடனாகக் கொடுக்கலாம் என்று முடிவானது. நோட்டில் புதுப் பக்கம் எடுத்து ‘பொது’ என்று தலைப்பு எழுதினேன். என்னைக் கேட்டால் எங்கள் சங்கம் பிறந்தது அந்த ராத்திரிதான். அதுவரை இருந்தது பதினைந்து பேர் காசு போட்ட ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கை எல்லாருக்கும் கேட்கும்படி முழுக்க வாசிக்க வேண்டும் என்று சட்டமாகிவிட்டது. யார் எவ்வளவு போட்டாள், யாருக்கு எவ்வளவு பாக்கி, எத்தனை தவணை. படிக்கத் தெரியாதவர்கள் எல்லாருடைய கணக்கையும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நான் ஒரு பெயரைத் தாண்டினால் நாலு மூலையிலிருந்தும் குரல் வரும்.

உள்கடனுக்கு நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி வைத்தோம். வெளியே அஞ்சு வட்டி, பத்து வட்டி நடந்துகொண்டிருந்தது. கடன் எதற்கு என்பதில் எங்களுக்கும் திட்டத்து ஆட்களுக்கும் ஓயாத இழுபறி. ஆடு வாங்கு, கோழி வாங்கு, வருமானம் வருகிற மாதிரி எதையாவது செய் என்பார்கள். எங்கள் பெண்கள் வாங்கியதெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் கேழ்வரகு தீர்ந்துபோச்சு, அடகில் மூழ்கப் போகிற தோட்டை மீட்கணும் என்பதற்கு. பார்வையிட வந்த ஒருவர் நோட்டைப் பார்த்து, “எல்லாம் செலவுக் கடனா இருக்கே” என்று முகம் சுளித்தார். அந்த முகச்சுளிப்பை நான் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. பத்து வட்டியில் தோடு மூழ்காமல் காப்பாற்றியதைவிடப் பெரிய வருமானம் ஒரு கூலிக்காரிக்கு அந்த வருஷம் வேறு எதில் வந்திருக்கும்?

வட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஆரம்பத்தில் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வருஷம்தான் டீக்கடையில், “பொம்பளைங்க கையில காசு தங்குமா?” என்று பேச ஆரம்பித்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் மனைவியே ஒரு நாள் கொல்லைப்புறமாக என்னிடம் வந்து சங்கத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஊருக்கெல்லாம் கொடுக்கிறவர், வீட்டில் இருப்பவளுக்கு வெற்றிலை பாக்குக்கும் கணக்குக் கேட்பாராம். கூட்டத்தில் வைத்தேன். அதற்குள் நாங்கள் இருபது பேர் ஆகியிருந்தோம். இருபதுக்கு மேல் போனால் அன்றைய கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால் பதிவு செய்யாத குழுவுக்கு அப்போது அதுதான் எல்லையாக இருந்தது. சட்டம் கைகொடுத்ததில் எல்லாருக்கும் நிம்மதி. யாரும் அந்த அம்மாவை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரும் விடவில்லை. தன் தெருவிலேயே வேறு பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து இரண்டாவது குழுவைத் தொடங்கிவிட்டார். வீட்டுக்காரர் சத்தம் போட்டாராம். கூட்டம் மட்டும் நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர், ‘ஊர்’ என்றும் ‘காலனி’ என்றும் இரண்டாக இருந்தது. குழுக்களும் அப்படியே தனித்தனியாகத்தான் தொடங்கின. ஆண்டறிக்கைகளில் இதை எழுதமாட்டார்கள். காலனிக் குழு எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத் தொடங்கி, ஒரே வருஷத்தில் எங்களைத் தாண்டிவிட்டது. அங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரி கூலி, ஒரே நாளில் கூலி. சந்தைக்குப் போவதற்கு முன்பே சேமிப்பைக் கட்டிவிடுவார்கள். தவணை தவறியவள் வீட்டு வாசலில் இருபது பேரும் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டையும் ஒரே பாயில் உட்கார வைத்தது புளிதான். ரோட்டோரப் புளியமரங்களின் மகசூலை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். வியாபாரிகள் நாலைந்து பேர் வெளியிலேயே பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் கேட்க மற்றவர்கள் சும்மா நிற்பார்கள். மரத்தடியில் கூலிக்குக் கொட்டை எடுக்கிற நாங்களே மரத்தை எடுத்தால் என்ன என்று காலனிக் குழுவின் தலைவிதான் முதலில் கேட்டாள். டெபாசிட் கட்ட ஒரு குழுவின் பணம் போதாது. மூன்று குழுவும் சேர்ந்தால் கட்டலாம்.

ஏலத்துக்குப் போனோம். “மரம் ஏறி உலுக்க இவங்களால முடியுமா?” என்று ஒருவர் கேட்டார். “நீங்க ஏறினீங்களா? ஆள் வச்சுத்தானே உலுக்குறீங்க? நாங்களும் அதே ஆளைத்தான் வைப்போம்” என்றாள் காலனித் தலைவி. கூட்டம் சிரித்தது. வழக்கமான தொகையைவிட நாங்கள் கூட்டிக் கேட்டதும் சிரிப்பு நின்றது. அன்றைக்கு எங்களுக்கு எல்லா மரமும் கிடைக்கவில்லை. ஒரு வரிசை கிடைத்தது, அதுவே போதும் போதும் என்றாகிவிட்டது.

உலுக்கி, பொறுக்கி, காயப்போட்டு, ஓடு தட்டி, கொட்டை எடுத்து முடித்தால் அடுத்த சிக்கல்: எங்கே வைப்பது? அறுப்பு நேரத்தில் விற்றால் விலை கிடையாது. மழைக்காலம் வரை வைத்திருந்தால்தான் மிச்சம் பார்க்கலாம். ஈரம் பட்டால் புளி கறுத்துவிடும், கறுத்தால் பாதி விலை. உப்புப் போட்டு அமுக்கி மொடாவில் வைக்க ஒழுகாத இடம் வேண்டும். ஊருக்குள் எங்கள் வீடுகள் எல்லாம் கூரையும் நாட்டோடும். காலனியில்தான் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளில் ஒன்றிரண்டு ஒழுகாமல் இருந்தன. அங்கே வைக்கலாம் என்றதும் எங்கள் பக்கம் முணுமுணுப்பு. சாப்பிடுகிற பொருளாயிற்றே என்று ஒருத்தி இழுத்தாள்.

ஆயா அவளைத் திரும்பிப் பார்த்தார். “கடையில வாங்குற புளி யாரு கைபட்டு வந்துச்சுன்னு கேட்டுக்கிட்டா குழம்பு வைக்கிற? இத்தனை நாள் சேர்ந்துதானே கொட்டை எடுத்த? கை ஒண்ணாத்தானே எரிஞ்சுது?” பிறகு காலனித் தலைவியிடம், “வாடகை எவ்வளவு கேப்ப, அதைச் சொல்லு மொதல்ல” என்றார். அவளும் விடாமல் பேரம் பேசினாள். சாதி ஒழிந்துவிட்டது என்று நான் கதை கட்டப் போவதில்லை. டீ வந்தால் யார் எங்கே குடிப்பது என்ற தயக்கம் இன்னும் பல வருஷம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு மொடாவைப் பார்க்க, எடை போட, கணக்குக் கேட்க என்று ஊர்ப் பெண்கள் காலனிக்குள் போக வேண்டியதாயிற்று. தன் பணம் கிடக்கிற இடத்துக்குப் போகாமல் எந்தப் பெண்ணாவது இருப்பாளா?

வங்கி விவகாரம் நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் இந்தத் திட்டத்துக்கு இந்தியன் வங்கி தொடக்கம் முதலே கூட வந்தது. நாடு முழுவதும் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தை நபார்டு வங்கி 1992-ல் தொடங்கியபோது அதன் இலக்கே 500 குழுக்கள்தான். மேலே முடிவானது எல்லாக் கிளைக்கும் உடனே போய்ச் சேர்ந்துவிடுமா? ஒரு கிளையில் எங்களைப் பகல் முழுக்க வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். யாராவது வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார்கள். எங்கள் பிரதிநிதி ஒருத்தி, “அவரை நம்பி நாங்களே குடுக்கறதில்ல சார், நீங்க எப்படிக் குடுப்பீங்க?” என்றாள். கணக்குத் தொடங்கியது. மூன்று சாவி போய் மூன்று கையெழுத்து வந்தது. எழுதத் தெரியாத இரண்டு பேர் தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொண்டது அந்தப் பாஸ்புக்குக்காகத்தான்.

சங்கம் அடுத்த ஊர்களுக்குப் பரவியது என் கணக்கில் பெண் கொடுத்து எடுத்த வழியில். எங்கள் ஊரிலிருந்து கட்டிக்கொடுத்த பெண் புகுந்த வீட்டில் போய்ப் பேசுவாள். தாய்வீட்டுக்கு வந்தவள் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நோட்டு எழுதுவது எப்படி என்று என்னிடம் கேட்டுப்போவாள். திட்ட அலுவலர்களும் உழைத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஜீப் போகாத ஊர்களில் அவர்களுக்கு முன்னால் மருமகள்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். 1996-ல் உள்ளாட்சித் தேர்தல் வந்து மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றானபோது, யாரை நிறுத்துவது என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் காலனித் தலைவி வார்டுக்கு மனு போட்டிருந்தாள், ஜெயித்தும் விட்டாள். முதல் பஞ்சாயத்துக் கூட்டத்தில் அவள் செய்தது, வரவு செலவை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொன்னது.

1997-ல் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்கப் போக ஆரம்பித்தது. மாதாமாதம் இத்தனை குழு என்று இலக்கு வந்தது. 1999-ல் வந்த மத்திய அரசின் சுயவேலைவாய்ப்புத் திட்டத்தில், ஆறு மாதம் ஒழுங்காக நடந்து தரம் பிரித்ததில் தேறிய குழுவுக்கு 25,000 ரூபாய் சுழல் நிதி, அதில் 10,000 மானியம். நல்ல பணம்தான், எத்தனையோ குடும்பத்தைத் தூக்கிவிட்டது. குழுக்களின் கூட்டமைப்பு வேலையாக நான் ஊர் ஊராகச் சுற்றியபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. புதுக் குழுக்களில் கணக்கு வாசிக்கும்போது பெண்கள் பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். “எல்லாம் ஊக்குநருக்குத் தெரியும்” என்றார்கள், குழுவை நடத்துகிறவளைக் காட்டி. நோட்டு ஒருத்தி வீட்டில், சாவியும் அங்கேயே. இரண்டு ரூபாய் இரண்டு ரூபாயாகத் தன் கையால் போடாத பணத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எங்கள் பழைய குழுவிலேயே அந்தக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. வாசிப்பு சுருங்கி, மொத்தத் தொகையை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துகொள்கிற பழக்கம் வந்திருந்தது. அந்த வருஷ ஆண்டுக் கூட்டத்தில் ஆயா எழுந்து, நோட்டு எழுதுகிற ஆளை வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும் என்றார். அத்தனை வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவள் நான். எனக்குச் சுருக்கென்றது.

“என் மேல சந்தேகமா ஆயா?”

“ஒனக்கு மட்டும் எதுக்கு ஓரவஞ்சனை? எல்லார் மேலயும்தான்.”

தீர்மானம் நிறைவேறியது. நோட்டை வாங்கிக்கொண்டது பன்னிரண்டாவது படித்த ஒரு சின்னப் பெண். கையெழுத்து என்னைவிட நன்றாக இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் இரண்டு வாரம் கூட்டத்துக்கே போகவில்லை, இரண்டுக்கும் அபராதம் விழுந்தது. மூன்றாவது வாரம் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். முடித்ததும், “யாருக்காவது கேள்வி இருக்கா?” என்றாள்.

“போன வருஷம் புளிச் சாக்கு வித்த காசு எங்கே இருக்குது? வாசிக்கலையே” என்றேன்.

அவள் நோட்டைப் புரட்டினாள். ஆயா முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார்.

“பதினேழாம் பக்கம் இருக்குதுக்கா, பொதுக் கணக்குல. நீங்க எழுதினதுதான்” என்றாள் அந்தப் பெண். “வாசிக்கட்டுமா?”

“வாசி” என்றேன்.